செட்டிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஊருணிக் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

பணிமாறுதலிலோ படிப்புக்காகவோ மணமாகியோ காரைக்குடிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வந்து சேருகிறவர்கள், முதல் சில மாதங்களுக்குள் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமை வந்தால் இங்கே எங்கே போவது? அருவி இல்லை, மலைவாசத்தலம் இல்லை, ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறும் இல்லை. பேருந்திலிருந்து பார்த்தால் செம்மண் பொட்டலும் சீமைக்கருவேலமும் இடையிடையே பூட்டிக் கிடக்கும் மாளிகைகளும்தான் கண்ணில் படும். நானும் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பணிமாறுதலில் இப்படித்தான் வந்தேன். அப்போது யாராவது சொல்லித் தந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் நான் நினைத்தவற்றை, புதிதாக வருகிறவர் ஓராண்டுக்குள் செய்து பார்க்கக்கூடிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இந்த வரிசைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மாளிகைகளில் தொடங்கி மாளிகைகளிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆற்றுநீரை நம்ப முடியாத ஒரு வறண்ட நிலத்தில் குடியேறிய மக்கள், விழுந்த மழையை ஒரு சொட்டும் வீணாகாமல் சேர்த்து ஊர் சமைத்த கதைதான் இந்தப் பகுதியின் வரலாறு. ஆகவே தண்ணீரில் தொடங்குகிறவருக்கு வீடும் கோயிலும் திருவிழாவும் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

செட்டிநாடு என்ற பெயரில் மாவட்டமோ வட்டமோ கிடையாது. இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும், நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்த் தொகுதியைத்தான் அப்படி அழைக்கிறோம். மரபுக் கணக்கில் அவை 96 ஊர்கள். இன்று எழுபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. காரைக்குடி, தேவகோட்டை ஆகிய நகரங்களும், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, கண்டனூர், நெற்குப்பை, வலையபட்டி, நச்சாந்துபட்டி, இராயவரம் முதலிய ஊர்களும் இதில் அடங்கும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் காரைக்குடி சந்திப்பு வரை நேரடி ரயில் உண்டு. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் சாலைப் பயணம். காரைக்குடியில் தங்கினால் மேலே சொன்ன ஊர்களில் பலவற்றுக்கு நகரப் பேருந்திலேயே போய் வரலாம், ஆனால் உள்ளூர்ச் சாலைகளுக்கு இருசக்கர வாகனமே வசதி.

குடியேற்றக் கதையை நகரத்தார் மரபு இப்படிச் சொல்கிறது: காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகம் செய்துவந்த தங்கள் முன்னோர் சோழ மன்னனோடு ஏற்பட்ட மனக்கசப்பால் ஊரை விட்டு நீங்கிப் பாண்டிய நாட்டுக்கு வந்தனர், பாண்டியன் கொடுத்த இளையாற்றங்குடியில் கி.பி. 707இல் குடியமர்ந்தனர், பிறகு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது ஊர்க் கோயில்களின் வழியாகத் தங்களை ஒன்பது பிரிவுகளாக வகுத்துக்கொண்டனர். 707 என்பது மரபு சொல்லும் ஆண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்பது கோயில் என்ற அமைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரே கோயிலின் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் மணம் கிடையாது. நகரத்தார் ஒருவரிடம் "உங்களுக்கு எந்தக் கோயில்?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு குடும்ப வரலாறே தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வணிகர் வந்தபோது இந்த நிலம் ஆளில்லாத காடாகக் கிடக்கவில்லை. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இங்குள்ள மகிபாலன்பட்டிதான் என்று கொள்ளப்படுகிறது. இப்பகுதியின் குன்றுகளில் முற்பாண்டியர் காலத்துக் குடைவரைகள் உண்டு. வேளாண்மை செய்த நாட்டார்களும், கல்தச்சர், கொத்தனார், ஆசாரி, குயவர், நெசவாளர் முதலிய கைவினைஞர்களும் சேர்ந்துதான் இந்த ஊர்களை உருவாக்கினார்கள். பணம் யாருடையது என்பதைச் சுவரில் உள்ள பெயர்ப்பலகை சொல்லும். கை யாருடையது என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் மாதம்: உங்கள் ஊர் ஊருணி

ஐப்பசியிலிருந்து மாசி வரை உள்ள காலமே இதற்கெல்லாம் ஏற்றது. சித்திரை வெயிலில் தொடங்கினால் ஊரின் மீது வெறுப்புத்தான் வரும்.

முதல் வேலையாக, நீங்கள் குடியிருக்கும் தெருவுக்கு மிக அருகில் இருக்கும் ஊருணியைக் கண்டுபிடியுங்கள். ஊருணி வேறு, கண்மாய் வேறு, தெப்பக்குளம் வேறு. ஊரார் உண்ணும் நீருக்காக வெட்டப்பட்டது ஊருணி. வயலுக்குப் பாய்ச்சுவதற்காகக் கரை கட்டித் தேக்கியது கண்மாய். கோயில் திருவிழாவுக்கும் நீராடலுக்கும் உரியது தெப்பக்குளம். குடிதண்ணீர் ஊருணியில் குளிப்பதும் துவைப்பதும் ஆடுமாடுகளை இறக்குவதும் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் வழிவழியாக இருந்துவருகிறது. இப்போது வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்த ஊர்களும் உண்டு. எதுவாயினும், படிக்கட்டில் இறங்குவதற்கு முன்னால் கரையில் இருப்பவரிடம் "இது குடிதண்ணீர் ஊருணியா?" என்று கேட்டுவிடுங்கள், அந்த ஒரு கேள்விக்கே ஊரில் உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

காலை 6 மணிக்கோ மாலை 5 மணிக்கோ ஊருணியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நான்கு பக்கமும் செம்புராங்கல்லால் கட்டிய சுவர் இருக்கும். இந்த மண்ணில் தோண்டினாலே கிடைக்கும் கல் அது. மண்ணுக்குள் ஈரத்தோடு இருக்கும்போது மண்வெட்டிக்கும் கோடரிக்கும் இணங்கிக் கொடுக்கும். வெட்டி வெளியே எடுத்து வெயிலிலும் காற்றிலும் போட்டால் கெட்டிப்பட்டு இறுகிவிடும். படித்துறை எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிறகு தண்ணீர் உள்ளே நுழையும் வாயைத் தேடுங்கள். அதுதான் முக்கியம். வரத்துக்கால் என்று இங்கே சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் நடந்தால், சில இடங்களில் அது உங்களை மேட்டுப் பொட்டலுக்கு அழைத்துச் செல்லும். வேறு சில இடங்களில் வீடுகள் நிறைந்த தெருவின் ஓரத்து வடிகாலுக்குக் கொண்டுவந்து விடும். தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்து, வீட்டுக் கூரைகளிலிருந்து வழியும் மழைநீரைத் தெருவழியே ஊருணிக்குத் திருப்பியிருப்பதை அப்போது நீங்களே காண்பீர்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014இல் இடம்பெற்றபோது, மாளிகைகளோடு சேர்த்து இந்த நீர் ஏற்பாடும் எடுத்துச் சொல்லப்பட்டது.

காரைக்குடி நகரில் இருப்பவர்கள் சம்பை ஊற்றைப் பற்றிக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். அந்த ஊற்றுப் பகுதியின் நிலத்தடி நீரின் சுவையைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். பேசட்டும், கேட்டுக்கொண்டே இருங்கள்.

இரண்டாம் மாதம்: வீட்டுக்குள் நுழைவது எப்படி

இந்த ஊர்களின் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையே கட்டப்பட்டவை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த வீட்டுக்குள் போனாலும் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். முகப்பு ஆண்களின் வரவு செலவுக்கும் விருந்தாளிகளுக்கும் உரியது. வளவு என்பது முற்றத்தைச் சுற்றிய பகுதி. முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும், மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மணமாகிச் சில காலத்துக்குப் பிறகு இளந்தம்பதியரை 'வேறு வைப்பது' இங்கே வழக்கம். ஒரே கூரையின் கீழ், தனி அடுப்பு, தனிக் கணக்கு. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே உலை என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். என் கருத்தில், கடல் கடந்து ஆண்டுக்கணக்கில் கணவன்மார் போய்விட்ட குடும்பங்களில் பெண்கள் ஒருவரையொருவர் சார்ந்தும் ஒருவர் கணக்கில் மற்றவர் தலையிடாமலும் வாழ இந்த ஏற்பாடு பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

மழை நாளில் ஒரு வளவைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நான்கு பக்க ஓட்டுக்கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். முதல் மழையில் ஓட்டின் தூசி கழுவிப் போகும் வரை யாரும் பாத்திரம் வைக்க மாட்டார்கள். நீர் தெளிந்த பிறகு தாழ்வாரத்தின் மூலைகளில், தகரக் குழாய்கள் நீரைக் கொட்டும் இடங்களில், அண்டாவையும் குடத்தையும் வைத்து அவற்றின் வாயில் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டுவார்கள். நான் பார்த்த வீட்டில் எழுபது வயது கடந்த ஆச்சி ஒருவர் துணியின் நடுவே ஒரு சிறு கல்லை வைத்தார்; கல்லின் கனத்தில் துணி குழிந்து, நீர் பக்கவாட்டில் வழியாமல் நடுவிலேயே வடிந்து அண்டாவுக்குள் இறங்கியது. அண்டா நிறைந்து வழிந்த நீர் முற்றத்துக் கல்தளத்தின் வாட்டத்தில் ஓடி, ஒரு மூலையிலிருந்த தூம்புக்குள் புகுந்து மறைந்தது. "எங்கே போகிறது ஆச்சி?" என்று கேட்டேன். "தெருவுக்குப் போயி ஊருணிக்குப் போகும், வேற எங்க போகும்?" என்றார்.

எல்லா வீடுகளையும் பார்க்க முடியாது. பார்க்க முடிகிற வீடுகளுக்கும் சில முறைகள் உண்டு. ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் சில வீடுகள் சிறு கட்டணத்துக்குத் திறந்திருக்கின்றன. கானாடுகாத்தானில் இராஜா அண்ணாமலைச் செட்டியார் குடும்பத்தின் அரண்மனைக்குள் எப்போதும் அனுமதி கிடைப்பதில்லை. ஆனால் அதன் முகப்பையும் அந்தத் தெருவின் அகலத்தையும் வெளியிலிருந்து பார்ப்பதற்கே போய் வரலாம். சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் நிறுவியவரின் ஊர் அது. காரைக்குடியில் 1941இல் கட்டப்பட்ட ஆயிரம் ஜன்னல் வீட்டையும் தெருவிலிருந்தே காணலாம். மற்ற வீடுகள் பலருக்குப் பங்குள்ளவை. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சாவி பக்கத்துத் தெருவில் ஒரு காவல்காரரிடம் இருக்கும். வீடு திருமணத்துக்கும் படைப்புக்கும்தான் திறக்கும். கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே போய்விடக் கூடாது. நான் வந்த முதல் ஆண்டில் அப்படிப் போய்விட்டேன். முன்னோர்க்குப் படையலிடும் படைப்பு நாள் அது. பங்காளிகள் மட்டுமே கூடியிருந்தார்கள். வீட்டுப் பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "இன்னைக்குப் படைப்பு, தம்பி. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, நானே கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுறேன்" என்றார். இரண்டு நாள் கழித்துப் போனேன். சொன்னபடியே அடுப்படி வரை காட்டினார். ஆகவே திண்ணைக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள். வயதான பெண்களை ஆச்சி என்று அழையுங்கள். காலணியைப் படியிலேயே விடுங்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். பூசை அறையையும் ஆட்களையும் அனுமதி கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். இடிந்துகொண்டிருக்கும் வீடுகளுக்குள் தனியாகப் போகாதீர்கள்: மேல்தளத்து மரம் உளுத்திருக்கும், பாம்பும் இருக்கும்.

வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றைப் பார்ப்பது பாதிப் பார்வைதான். ஆங்கிலேயர் பர்மாவைப் படிப்படியாகப் பிடித்த பிறகு, நெல் விளையும் ஐராவதி வடிநிலத்தில் உழவருக்குக் கடன் கொடுக்கும் லேவாதேவித் தொழிலில் நகரத்தார் முதன்மை பெற்றனர். இலங்கை, மலேயா, சிங்கப்பூர், சைகோன் வரை அவர்களுடைய கிட்டங்கிகள், அதாவது தொழில் நடத்திய கூடங்கள், இருந்தன. 'கொண்டுவிக்கப் போனார்கள்' என்பார்கள் இங்கே. தேக்கு பர்மாவிலிருந்தும், சலவைக்கல் இத்தாலியிலிருந்தும், நிலைக்கண்ணாடிகள் பெல்ஜியத்திலிருந்தும் வந்தது இந்த வருவாயில்தான். 1930ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்ததும் கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் 1930இல் 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடானது. பணமாக இருக்க வேண்டிய முதல் மண்ணாக மாறி முடங்கியது ஒருபுறம். நிலம் இழந்த பர்மிய உழவரின் கோபம் மறுபுறம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது பலர் உயிர் தப்பி வந்தனர். போருக்குப் பிந்தைய நிலச் சட்டங்களும் 1960களின் நாட்டுடைமையும் மீதியை முடித்துவைத்தன. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நகரங்களில் வேலை தேடிப் போனார்கள், வீடுகள் பங்காயின. இந்தக் கதையில் பெருமையும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. பர்மிய உழவரின் வலியையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

கைவினையைக் கண்ணால் பாருங்கள்

ஆத்தங்குடிக்குப் போகும் நாளில் அரை நாளைத் தளக்கல் பட்டறைக்கு ஒதுக்குங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. இந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. தொழிலாளி ஒரு சதுரக் கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார். அதனுள் பூவேலை வெட்டிய அச்சை இறக்குகிறார். சிமெண்டும் வண்ணமும் கலந்த கூழை ஒரு சிறு கரண்டியால் அள்ளி, சிவப்பு இங்கே, பச்சை அங்கே, மஞ்சள் நடுவில் என்று அச்சின் கட்டங்களில் ஊற்றுகிறார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைச் செங்குத்தாக மேலே தூக்குகிறார். கை ஒரு நூல் அளவு அசைந்தாலும் வண்ணங்கள் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். அச்சுப் போன இடத்தில் கோடுகள் சற்றே நெளிந்து சேர்ந்துகொள்கின்றன. கையால் செய்த கல்லையும் இயந்திரக் கல்லையும் பிரித்தறிய அந்த நெளிவைத்தான் பார்க்க வேண்டும். அதன் மேல் சலித்த உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை அப்பிக் கரணையால் மட்டம் செய்து காயவிடுகிறார்கள். பின்னர்ச் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானே கழன்றுவிடும். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் நின்றிருக்கும். மெருகு பூசுவதில்லை, மிதிக்க மிதிக்கத்தான் பளபளப்பு ஏறும். ஒரு கல்லாவது வாங்கி வாருங்கள். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தாலும் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கலாம்.

பனையோலையில் முடையும் கொட்டான் என்ற கூடையும் கண்டாங்கிச் சேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. கண்டாங்கிக்கு அது 2019இல் கிடைத்தது. கண்டாங்கி வாங்குவதானால் தறி வைத்திருக்கும் வீட்டில் கேட்டு வாங்குங்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரமும் பழைய படங்களும் கிடைக்கும். ஆனால் இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண் ஆகியவற்றை வாங்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். வாங்குகிறவர் இருக்கும் வரையில் இடிப்பதும் நிற்காது.

கோயில், கோட்டை, பறவைகள்

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் அருகருகே இருப்பவை. ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிடலாம். பிள்ளையார்பட்டிக் குடைவரையின் கற்பக விநாயகர் இரண்டே கைகளோடும் வலம்புரித் துதிக்கையோடும் பாறையிலேயே வடிக்கப்பட்டவர். குன்றக்குடியில் மலைமேல் சண்முகநாதர். அடிவாரத்துக் குடைவரைகளைப் பார்க்காமல் பலர் படியேறிப் போய்விடுகிறார்கள், நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் ஓடிப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிரண்டாகப் பாருங்கள். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

திருமயத்துக்கு ரயிலிலும் போகலாம். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை அது. மேலே பீரங்கி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் சுற்றுப்புறக் கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஏணிப்படி போலக் கிடப்பது தெரியும். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்கு நீர் வரும் என்ற பாடத்தை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது. பாறையின் தென்புறத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைந்த கோயில்கள் உள்ளன.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட இடத்தில் நினைவிடம் இருக்கிறது. அங்கிருந்து மேலூர் செல்லும் வழியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவிக்கப்பட்டது, மூன்று கண்மாய்கள் சேர்ந்த 38 எக்டேர்தான். கார்த்திகையிலிருந்து மாசி வரை நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் வெள்ளை அரிவாள்மூக்கனும் இராக்கொக்கும் மரங்களில் கூடு கட்டி நிறைந்திருக்கும். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அந்தச் செய்தியைக் கரையில் நின்றே சொல்லுங்கள். காலை 7 மணிக்குள் போய்ச் சேருங்கள்; இருநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்; பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

மலையேற விரும்புகிறவர்களுக்குச் சிங்கம்புணரி அருகே பிரான்மலை உண்டு. பாரியின் பறம்பு மலை என்று கொள்ளப்படுவது அது. அடிவாரத்தில் சிவன் கோயில், உச்சியில் தர்கா. குடிதண்ணீரைக் கையில் கொண்டு போங்கள்.

திருவிழா நாட்காட்டி

இதைத் தனியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வது நல்லது. தை மாதம்தான் இங்கே உச்சம். பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் செவ்வாய்க்கிழமையில் நாட்டரசன்கோட்டைக் கண்ணுடையநாயகி கோயில் முன் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கும் செவ்வாய்ப் பொங்கலைப் பார்க்கலாம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு பானை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகும். வழியோரத்தில் மோரும் தண்ணீரும் கொடுக்கும் பந்தல்களில் நீங்களும் ஒரு கை சேரலாம், யாரும் ஊர் பேர் கேட்க மாட்டார்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அடிபடுவது அங்கேதான். வாடிவாசல் வழியாக ஒவ்வொரு மாடாக அவிழ்க்கும் மதுரைப் பக்கத்து ஏறுதழுவலைப் போலன்றி, இங்கே தொழுவிலிருந்து விடும் மாடுகளோடு, சுற்றியுள்ள வயல்வெளியிலும் பொட்டலிலும் கட்டுமாடுகளை ஆங்காங்கே அவிழ்த்து விடுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து மாடு வரும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உயிரிழந்த ஆண்டுகளும் உண்டு. ஆகவே பொட்டலில் நிற்காதீர்கள். மேடை அமைத்திருந்தால் அதில் ஏறிக்கொள்ளுங்கள். சிவப்புத் துண்டு, குடை, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடுவது ஆகியவை வேண்டாம். பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். நாட்டார்கள் ஊர்வலமாக வந்து தொழுவில் மாடுகளுக்குத் துணி போர்த்தி மரியாதை செய்யும் முதல் அரைமணி நேரத்தைப் பாதுகாப்பாகப் பார்த்துவிட்டு வந்தாலே விழாவின் பாதியைப் பார்த்தவராவீர்கள். இதே சிராவயலில்தான் பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) இளமையில் ஆசிரமம் நடத்தினார். 1927இல் காந்தியடிகள் அவரைக் காண அங்கே வந்தார்.

மாசியிலும் பங்குனியிலும் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடமும் முளைப்பாரியும் எடுப்பார்கள். பங்குனியில் கம்பன் விழா, சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் அதைக் காரைக்குடியில் நடத்தி, பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் நிறைவு செய்கிறது. கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர்கூடி மீன்பிடிப்பார்கள். ஊத்தாவும் கச்சாவும் கொண்டு இறங்கும் அந்தக் கூட்டத்தில் கரையில் நின்று பார்ப்பதற்குத் தடையில்லை. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. மாவில் இழைத்திரி வைத்துச் சுடரோடு எடுத்து வாயிலிடுவார்கள். அழைத்தால் மட்டும் போங்கள். விழித்திருக்க வேண்டிய இரவுகளில் சொக்கட்டான் விரித்து ஆடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாயக்கட்டை உருளும் அந்த ஆட்டத்தின் சொற்களைக் கற்றுக்கொள்ள ஒரு குளிர்கால இரவு போதாது.

பலகாரத்தைப் பற்றி ஒரே ஒரு சொல்: செட்டிநாட்டுச் சமையல் என்று வெளியூர்களில் கொடுக்கும் காரத்தை மறந்துவிட்டு, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், கவுனி அரிசி ஆகியவற்றில் தொடங்குங்கள்.

ஆண்டின் முடிவில்: நீங்களும் எழுதுங்கள்

காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917இல் தொடங்கப்பட்டது. 1919இல் பாரதியார் அங்கே வந்திருக்கிறார். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகமும் ஒருநாள் பயணத்துக்குள் அடங்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு தனிமனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பின்னர்ச் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாகியுள்ளன. இந்தப் பகுதியின் வரலாற்றைச் சேர்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் உள்ள ஊருணிகளின் பெயர்கள், அவற்றை வெட்டியவர் என்று ஊரார் சொல்லும் பெயர், படித்துறைக் கல்லில் எழுத்து இருந்தால் அதன் படி, கடைசியாகத் தூர்வாரிய ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். வயதானவர்களிடம் கேட்கும்போது, "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "தண்ணிக்கு எந்த ஊருணிக்குப் போவீங்க? எத்தனை குடம்? யார் கூடப் போவீங்க?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பது போலவே அந்த வீட்டில் வேலை செய்தவரிடமும் கேளுங்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பிறகு, அடுத்த ஐப்பசியின் முதல் பெருமழை நாளில் குடையோடு தெருவில் இறங்குங்கள். உங்கள் கூரையில் விழுந்த நீர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து, போகும் வழியைத் தாளில் வரையுங்கள். எங்கே புதுச் சாலை மேடாகி நீரைத் தடுக்கிறது, எங்கே பிளாஸ்டிக்கும் மண்ணும் வரத்துக்காலை அடைத்திருக்கின்றன, எங்கே ஒரு சுவர் குறுக்கே எழும்பியிருக்கிறது என்பதையெல்லாம் குறியுங்கள். அதில் ஒரு படியை ஊர் நூலகத்திலும் ஒரு படியை ஊராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலும் கொடுங்கள். எங்கள் தெருவில் அப்படி வரைந்த ஒரு தாளைப் பார்த்துத்தான், பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரும் நானுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது அடி நீள வடிகாலைச் சுத்தம் செய்தோம். அந்த ஆண்டுக் கார்த்திகையில் எங்கள் ஊருணியின் மூன்றாவது படி வரை தண்ணீர் ஏறியது.